அறுபது மணி நேரம் கேட்டு ஒரு விண்ணப்பம்: எக்ஸ்-கதிர் லேசரில் பீம்டைம் பெறுவது எப்படி?

கடின எக்ஸ்-கதிர் (அலைநீளம் குறைந்த, ஊடுருவும் ஆற்றல் மிகுந்த எக்ஸ்-கதிர்) தரும் லேசர் நிலையங்களை உலகத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம். கலிபோர்னியாவின் ஸ்லாக் ஆய்வகத்தில் எல்சிஎல்எஸ், ஜப்பானின் ஹரிமாவில் சாக்லா, தென் கொரியாவின் போஹாங்கில் பிஏஎல்-எக்ஸ்ஃபெல், சுவிட்சர்லாந்தின் வில்லிகனில் ஸ்விஸ்ஃபெல், ஹாம்பர்க் நகரை ஒட்டி 3.4 கிலோமீட்டர் நீளத்துக்கு மண்ணுக்கடியில் ஓடும் ஐரோப்பிய எக்ஸ்ஃபெல். இவற்றில் மூத்தது எல்சிஎல்எஸ். 2009 ஏப்ரலில்தான் அதில் முதன்முதலாக லேசர் ஒளி பிறந்தது. ஷாங்காயில் இன்னொன்று கட்டப்பட்டு வருகிறது.

இந்த நிலையங்களில் பரிசோதனை செய்ய அங்கே வேலை பார்க்க வேண்டும் என்றில்லை. பொதுவாக எந்த நாட்டு ஆய்வாளரும் பீம்டைம், அதாவது கதிரைப் பயன்படுத்தும் நேரம், கேட்டு விண்ணப்பிக்கலாம். முடிவுகளை ஆய்விதழில் வெளியிடுவதாக இருந்தால் கதிருக்கென்று கட்டணமும் கிடையாது; ரகசியமாக வைத்துக்கொள்ளப்போகும் நிறுவனங்கள்தான் முழுச் செலவையும் கட்ட வேண்டும். ஆனால் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை தோற்றுப்போகும். எல்சிஎல்எஸ் போன்ற இடங்களில் நாலைந்து விண்ணப்பங்களுக்கு ஒன்றுதான் தேறும் என்பது பல ஆண்டு அனுபவம். தோற்பவற்றில் நல்ல அறிவியல் ஏராளம். நல்ல கேள்வி இருந்தும், அதை விண்ணப்பமாக்கத் தெரியாததால் திரும்பி வருபவை அவற்றில் நிறைய. முதன்முறை எழுதப்போகும் ஆராய்ச்சி மாணவருக்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஏன் இவ்வளவு நெருக்கடி?

எக்ஸ்-கதிர் தரும் இன்னொரு வகை நிலையமான சின்க்ரோட்ரான் என்பது எலக்ட்ரான்கள் சுற்றும் ஒரு வளையம். அதைச் சுற்றிப் பல இடங்களில் கதிரைப் பிரித்தெடுத்து, ஒரே நேரத்தில் இருபது, முப்பது, சில இடங்களில் அதற்கும் மேலான பரிசோதனைகளை நடத்தலாம். எக்ஸ்-கதிர் லேசர் அப்படியல்ல. எலக்ட்ரான்கள் ஒரு நேர்கோட்டில் முடுக்கப்பட்டு, காந்தங்களின் வரிசைக்கு நடுவே நெளிந்து நெளிந்து போகின்றன. அப்போது அவை உமிழும் ஒளி எலக்ட்ரான் கொத்தையே மெல்லிய அடுக்குகளாக ஒழுங்குபடுத்துகிறது. அடுக்குகள் ஒத்திசைந்து உமிழும்போது ஒளி மிகப் பல மடங்கு வலுக்கிறது. இந்தக் கோட்டின் முனையில் ஒரு கருவி இயங்கினால், அதே கோட்டில் இருக்கும் மற்றக் கருவி பெரும்பாலும் காத்திருக்க வேண்டியதுதான். ஐரோப்பிய எக்ஸ்ஃபெல்லில் மூன்று கோடுகள் இருக்கின்றன. அப்படியும் ஒரே சமயத்தில் கதிர் பெறும் குழுக்கள் மிகச் சில.

ஆகவே நேரம் 12 மணி நேர ஷிஃப்டுகளாகப் பிரித்துத் தரப்படுகிறது. ஒரு குழுவுக்கு ஐந்து ஷிஃப்ட் கிடைப்பது எல்சிஎல்எஸ்ஸில் வழக்கமான அளவு. அதாவது 60 மணி நேரம். ஒரு முனைவர் பட்டமே அந்த 60 மணி நேரத்தை நம்பி இருக்கலாம்.

"ஏன் இங்கேதான்?"

மதிப்பாய்வுக் குழுவில் இருப்பவர்கள் வெளி ஆய்வாளர்கள். பலர் இதே கருவிகளில் வேலை செய்து பழகியவர்கள். விண்ணப்பத்தைத் திறந்ததும் அவர்கள் மனதில் எழும் முதல் கேள்வி: இதைச் சின்க்ரோட்ரானில் செய்தால் என்ன? இதற்கு முதல் பக்கத்திலேயே பதில் இல்லையென்றால், மீதிப் பக்கங்களை அவர்கள் சந்தேகத்தோடுதான் படிப்பார்கள்.

எக்ஸ்-கதிர் லேசருக்கு என்று இரண்டு தனிச் சக்திகள் உண்டு. முதலாவது, துடிப்பின் நீளம். சின்க்ரோட்ரானின் ஒரு துடிப்பு ஏறத்தாழ 100 பிகோசெகண்ட் நீளும் (ஒரு பிகோசெகண்ட் என்பது நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு). லேசரின் துடிப்போ சில பத்து ஃபெம்டோசெகண்டுகளில் (பிகோசெகண்டின் ஆயிரத்தில் ஒரு பங்கு) முடிந்துவிடும். ஆயிரம் மடங்குக்கும் மேல் குட்டை. ஒரு மூலக்கூறுக்குள் பிணைப்பு முறிவதும் அணுக்கள் நகரத் தொடங்குவதும் இந்தக் கால அளவில்தான் நடக்கின்றன. இரண்டாவது, ஒரே துடிப்பில் அடங்கும் ஒளியின் அளவு, ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி ஃபோட்டான்கள். அது பட்ட சிறு படிகம் வெடித்துச் சிதறிவிடும். ஆனால் சிதறுவதற்குள் துடிப்பு முடிந்து, விளிம்பு விளைவுப் படம் (படிகத்தில் பட்டுச் சிதறிய கதிரின் படம்; புரதத்தின் கட்டமைப்பை இதிலிருந்துதான் கணக்கிடுகிறார்கள்) உணரியில் பதிவாகிவிடும். 2000இல் கணினிக் கணக்காக முன்வைக்கப்பட்ட இந்த யோசனை, 2011இல் எல்சிஎல்எஸ்ஸில் ஒளித்தொகுதி-1 என்ற ஒளிச்சேர்க்கைப் புரதத்தின் நானோ படிகங்களில் செய்து காட்டப்பட்டது. சின்க்ரோட்ரானில் கதிரால் சேதமாகிப் படத்தையே கெடுத்துவிடும் மாதிரிகளுக்கு, உலோக அணுக்களை மையத்தில் வைத்திருக்கும் நொதிகள் போன்றவற்றுக்கு, இது பெரிய வரம்.

உங்கள் கேள்விக்கு இந்த இரண்டில் ஒன்றாவது கட்டாயம் தேவைப்பட வேண்டும். பாக்டீரியோரோடாப்சின் என்ற புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒளி பட்டதும் அதன் உள்ளே இருக்கும் ரெட்டினால் மூலக்கூறு ஒரு பிகோசெகண்டுக்குள் முறுக்கிக்கொள்கிறது. அதன்பின் புரதம் மெல்ல மெல்ல உருமாறி, மில்லிசெகண்டுகளில் ஒரு புரோட்டானைச் சவ்வுக்கு வெளியே தள்ளுகிறது. ரெட்டினால் முறுக்கும் அந்த முதல் கணத்தைப் பார்க்க வேண்டுமென்றால் லேசரைத் தவிர வேறு வழியில்லை. 2018இல் எல்சிஎல்எஸ் தரவை வைத்து அதைத்தான் வெளியிட்டார்கள். நானோசெகண்டிலிருந்து மில்லிசெகண்ட் வரையிலான தொடரை 2016இலேயே சாக்லா தரவை வைத்து வெளியிட்டிருந்தார்கள். ஆனால் மில்லிசெகண்டுக்குப் பிந்தைய பகுதி மட்டும்தான் வேண்டும் என்று இன்று நீங்கள் எழுதினால், "சின்க்ரோட்ரானிலேயே தொடர் படிகவியல் (நுண்படிகங்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்துச் சேர்க்கும் முறை) செய்யலாமே" என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர்கள் சொல்வது சரிதான். ஒரே புரதமானாலும், கேள்வியைப் பொறுத்து அதற்குரிய இடம் மாறுகிறது.

"இதுவரை யாரும் எக்ஸ்-கதிர் லேசரில் இதைப் பார்த்ததில்லை" என்பதைக் காரணமாக எழுதுகிறவர்கள் உண்டு. அது காரணமே ஆகாது. யாரும் பார்க்காதது கோடிக்கணக்கில் இருக்கிறது.

கணக்குப் போடும் பக்கம்

எனக்குத் தெரிந்தவரை, விண்ணப்பத்தின் விதி முடிவாவது இந்தப் பக்கத்தில்தான். கேட்ட நேரத்துக்குள் கேட்ட தரவு கிடைக்குமா என்பதை எண்களால் காட்ட வேண்டும். பலர் இங்கே "போதுமான தரவு சேகரிக்கப்படும்" என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்துபோகிறார்கள். அப்படிக் கடக்காமல் ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம்.

எல்சிஎல்எஸ்ஸின் செம்பு முடுக்கி நொடிக்கு 120 துடிப்புகள் தரும். நுண்படிகங்கள் மிதக்கும் திரவத்தை மெல்லிய தாரையாகப் பீய்ச்சுகிறோம். ஒவ்வொரு துடிப்பும் ஒரு படிகத்தில் படும் என்று எதிர்பார்க்க முடியாது. நூற்றுக்கு ஐந்து பட்டால் நொடிக்கு 6 படம். அவற்றில் பாதியிலாவது படிகத்தின் திசையை மென்பொருள் கண்டுபிடித்துவிடும் என்று கொள்வோம். கைக்கு வருவது நொடிக்கு 3 படம்.

ஒளி பட்டபின் ஐந்து வெவ்வேறு காலத் தாமதங்களில் படம் வேண்டும், ஒளி படாத நிலையில் ஒரு தொகுப்பு வேண்டும். மொத்தம் 6 தொகுப்புகள். ஒளி பட்ட புரதங்களில் ஒரு பகுதிதான் உருமாறும், மாற்றத்தின் சுவடு மெலிதாக இருக்கும் என்பதால் தொகுப்புக்கு 20,000 படமாவது எடுக்க நினைக்கிறீர்கள். 6 தொகுப்புக்கு 1,20,000 படம். நொடிக்கு மூன்று வீதம் 40,000 நொடி, அதாவது 11 மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒரு ஷிஃப்டில் முடிந்துவிடும்போல் தெரிகிறதா? முடியாது. பீய்ச்சுமுனை அடைத்துக்கொள்ளும், மாதிரி தீர்ந்து அடுத்ததை ஏற்ற வேண்டியிருக்கும், முடுக்கி சற்று நின்றுபோகும். கதிர் நேரத்தில் பாதிதான் உண்மையான தரவாகும் என்று திட்டமிடுவது நல்லது. அப்படியானால் 22 மணி நேரம், கிட்டத்தட்ட இரண்டு ஷிஃப்ட். இதற்கு முன்னால் கதிரையும் தாரையையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்தவும், ஒளி லேசரும் (புரதத்தைத் தூண்டும் தனி லேசர்) எக்ஸ்-கதிரும் ஒரே கணத்தில் வந்து சேரும் பூஜ்ஜிய நேரத்தைக் கண்டுபிடிக்கவும், ஒளி லேசரின் வலிமையைப் படிப்படியாகக் கூட்டிப் பார்க்கவும் ஒன்றரை ஷிஃப்டாவது போகும். இப்படிக் கணக்குக் காட்டி நாலு ஷிஃப்ட் கேட்டால், அதற்குப் பின்னால் யோசனை இருக்கிறது என்பது படிப்பவருக்குத் தெரியும்.

அடுத்து மாதிரிக் கணக்கு. நிமிடத்துக்கு 10 மைக்ரோலிட்டர் என்பது இத்தகைய தாரைக்குச் சாதாரணமான அளவு. மொத்தம் 15 மணி நேரம் தாரை ஓடினால் 9 மில்லிலிட்டர். மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் புரதம் இருந்தால் 90 மில்லிகிராம் வேண்டும். ஒரு லிட்டர் வளர்ப்பில் உங்கள் ஆய்வகத்துக்கு 2 மில்லிகிராம்தான் தேறுகிறது என்றால், 45 லிட்டர் வளர்த்தாக வேண்டும். இதை விண்ணப்பத்துக்கு முன்பே போட்டுப் பார்த்தவர்கள் பிழைக்கிறார்கள்.

இவ்வளவு மாதிரி ஏன் தேவை? தாரை நொடிக்குச் சுமார் 10 மீட்டர் வேகத்தில் போகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் இடையே 8 மில்லிசெகண்டுக்குச் சற்று அதிகம். அதற்குள் 8 சென்டிமீட்டர் நீளத் திரவம் ஓடிவிடும். கதிர் தொடுவதோ அதில் சில மைக்ரோமீட்டர். ஓடும் குழாயைத் திறந்துவிட்டு நடுநடுவே ஒரு சொட்டைப் பிடிப்பது மாதிரிதான். இந்த விரயத்தைக் குறைக்கத்தான் கிரீஸ் போன்ற கெட்டியான ஊடகத்தில் படிகங்களை வைத்து மெதுவாகப் பிதுக்கும் முறை வந்தது. அதில் நிமிடத்துக்கு ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவாகவே செலவாகும். சவ்வுப் புரதங்களுக்கு அது இயல்பாகவே பொருந்தும். ஆனால் ஒளி லேசரும் சேர்ந்த பரிசோதனையில் ரொம்ப மெதுவாகப் பிதுக்கினால், ஏற்கெனவே ஒளி பட்ட பகுதியே மறுபடி கதிருக்கு முன்னால் வந்து நிற்கும். அதனால் வேகத்தைக் கூட்ட வேண்டியிருக்கும், மாதிரிச் செலவும் கூடும். எந்த முறை, எந்த வேகம், எவ்வளவு அளவு என்பதை முடிவுசெய்து எழுதுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ஐரோப்பிய எக்ஸ்ஃபெல் நொடிக்கு 27,000 துடிப்புகள் தரும் என்று படித்துவிட்டு, மேலே போட்ட கணக்கில் 120க்குப் பதில் 27,000ஐப் போட்டுவிடாதீர்கள். அந்தத் துடிப்புகள் சீராக வருவதில்லை. நொடிக்குப் பத்துத் தொடர்கள். ஒவ்வொரு தொடரும் அரை மில்லிசெகண்டைச் சற்றுத் தாண்டியதும் முடிந்துவிடும், பிறகு அடுத்த தொடர் வரும்வரை இருட்டு. அங்கே புரதப் படிகங்களுக்குப் பயன்படும் ஏஜிஐபிடி உணரி ஒரு தொடரில் 352 படங்களைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும். ஆக நொடிக்கு அதிகபட்சம் 3,520. அதோடு, தொடருக்குள் ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி மைக்ரோசெகண்ட் அளவுதான். முதல் துடிப்பு தாரையில் ஏற்படுத்திய ஓட்டை மூடி, புதிய திரவம் அந்த இடத்துக்கு வந்தாக வேண்டும். அதற்குத் தாரை பல மடங்கு வேகமாக ஓட வேண்டும். இதே போல எல்சிஎல்எஸ்ஸில் 2023 செப்டம்பரில் முதல் ஒளி கண்ட மீக்கடத்தி முடுக்கி நொடிக்குப் பத்து லட்சம் துடிப்புகள் வரை தரக் கட்டப்பட்டது. அதையும் எந்தக் கருவி, எந்த உணரி உண்மையில் உள்வாங்கும் என்று கேட்டுவிட்டே கணக்கில் சேர்க்க வேண்டும்.

யாரைக் கேட்பது?

ஒவ்வொரு கருவிக்கும் பொறுப்பான விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். அவர்கள் முகவரி நிலையத்தின் பக்கத்திலேயே இருக்கும். விண்ணப்பம் முடியும் தேதிக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பு அவர்களுக்கு எழுதுங்கள். முதன்முறை எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு, பெரிய இடத்து ஆட்களைத் தொந்தரவு செய்கிறோமோ என்று. தயங்கவே வேண்டாம். செய்ய முடியாத திட்டத்தை முன்கூட்டியே தடுப்பது அவர்கள் வேலையில் ஒரு பகுதி. மாதிரி என்ன, எந்த ஆற்றலில் கதிர் வேண்டும், ஒளி லேசரின் நிறம் என்ன, எவ்வளவு துல்லியமான காலப் பிரிப்பு வேண்டும் என்று நாலு வரியில் எழுதினால் போதும். ஒளி லேசருக்கும் எக்ஸ்-கதிருக்கும் இடையிலான நேரம் துடிப்புக்குத் துடிப்பு கொஞ்சம் தடுமாறும். அதைத் துடிப்புவாரியாக அளந்து திருத்தும் கருவி உண்டு. உங்கள் பரிசோதனைக்கு அது தேவையா, அந்த அமைப்பில் அது வேலை செய்யுமா என்பதை வெளியிலிருந்து யூகிக்க முடியாது. அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

விண்ணப்பம் உள்ளே போனபின் இதே நிலைய ஊழியர்கள் தொழில்நுட்ப ரீதியாக இது நடக்குமா என்று பார்த்துக் குறிப்பு எழுதுவார்கள். வெளி நிபுணர் குழு அறிவியல் தரத்தை வைத்து வரிசைப்படுத்தும். நிர்வாகம் அந்த வரிசையை மதித்து நேரத்தைப் பங்கிடும். பல நிலையங்கள் ஆண்டுக்கு இருமுறை அழைப்பு விடுக்கின்றன. விண்ணப்பித்ததிலிருந்து கதிரைக் காண்பதற்குள் அரை ஆண்டிலிருந்து ஓராண்டு வரை ஓடிவிடும். பட்டம் முடிக்கும் தேதியை மனதில் வைத்து இதைத் திட்டமிடுங்கள்.

குழுவைப் பற்றியும் கேட்பார்கள். கதிர் இரவு பகல் பார்க்காது. ஒரு குழு இரண்டாகப் பிரிந்து வேலை செய்ய ஆள் வேண்டும். பீய்ச்சுமுனையைக் கவனிக்க ஒருவர், படிகங்களைத் தயார்செய்ய ஒருவர், ஒளி லேசருக்கு ஒருவர், வரும் தரவை உடனுக்குடன் அலசி "போதும், அடுத்த தாமதத்துக்குப் போ" என்று சொல்ல ஒருவர். இந்தக் கடைசி ஆள் இல்லாமல் போகவே கூடாது. கிரிஸ்ட்ஃபெல் போன்ற மென்பொருளில் கைதேர்ந்த ஒருவர் பெயர் விண்ணப்பத்தில் இருப்பது பெரிய பலம். குழுவில் யாருமே இதற்குமுன் எக்ஸ்-கதிர் லேசரைத் தொட்டதில்லை என்றால், அனுபவமுள்ள குழுவோடு கூட்டுச் சேருங்கள். அதைவிட நல்லது, முதலில் அவர்கள் பீம்டைமுக்கே உதவியாளாகப் போய்வருவது. இரவு இரண்டு மணிக்கு முனை அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்பதை எந்த வழிகாட்டிக் கையேடும் சொல்லித்தராது.

முன்தரவு இல்லாத விண்ணப்பம் அரிதாகத்தான் தேறும். உங்கள் படிகங்கள் எவ்வளவு நுண்ணிய விவரம் வரை சிதறலைத் தருகின்றன, அளவு சீராக இருக்கிறதா, ஒளி பட்டதும் உருமாறுகிறதா என்பதையெல்லாம் முன்பே காட்ட வேண்டும். இந்தியாவில் இருப்பவர்களுக்கு இந்தூரில் உள்ள இண்டஸ்-2 சின்க்ரோட்ரானில் புரதப் படிகங்களுக்கென்றே ஒரு கதிர்வழி இருக்கிறது. பெரிய படிகங்களை அங்கே சோதித்துக் கட்டமைப்பைத் தீர்த்து வைத்திருந்தால் அதுவே நல்ல முன்தரவு. ஒளியால் வரும் நிறமாற்றத்தைச் சொந்தத் துறையின் நிறமாலைமானியிலேயே எடுத்துவிடலாம். சில லேசர் நிலையங்களில் படிகம் தகுதியானதா என்று மட்டும் பார்க்கக் குறுகிய நேரம் கேட்கும் தனி வழியும் இருந்திருக்கிறது. அழைப்பு அறிவிப்பைப் படிக்கும்போது அதையும் தேடிப் பாருங்கள்.

முடிவு வந்தபின்

நேரம் கிடைக்காவிட்டால் குழுவின் கருத்துரை வரும். அதில் "அறிவியல் சுவையானது, ஆனால்" என்று தொடங்கும் வரியில் ஆனாலுக்குப் பின்னால் இருப்பதுதான் உங்களுக்கு வேலை. மாதிரி போதாது என்றால் வளர்ப்பைப் பெருக்குங்கள். சின்க்ரோட்ரான் போதும் என்றால் கேள்வியையே திருத்துங்கள். அதே விண்ணப்பத்தைத் தேதி மாற்றி அனுப்புவது வீண். அடுத்த முறையும் அதே நிபுணர்களில் சிலர் குழுவில் இருக்கக்கூடும், முன்பு சொன்னதை இவர்கள் செய்தார்களா என்று பார்ப்பார்கள். செய்திருந்தால், என்ன செய்தோம் என்பதை முதல் பக்கத்திலேயே புதிய தரவோடு காட்டிவிடுங்கள்.

கிடைத்துவிட்டால் உடனே காகித வேலை தொடங்கும். உங்கள் நிறுவனத்துக்கும் நிலையத்துக்கும் ஒப்பந்தம், ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உயிரிப்பொருளுக்கும் பாதுகாப்பு அறிக்கை, லேசர் பாதுகாப்புப் பயிற்சி, விசா. உறைநிலையில் அனுப்பும் மாதிரி சுங்கத்தில் சிக்கிக்கொண்டால் படிகங்கள் அதோடு போச்சு. அதனால் முடிந்தவரை உறையாமல் தாங்கும் மாதிரியாகத் திட்டமிடுங்கள், அல்லது நிலையத்தின் உயிரியல் ஆய்வகத்திலேயே படிகமாக்க முன்கூட்டியே இடம் கேளுங்கள். கதிர் இலவசம் என்றாலும் விமானச் செலவும் தங்கும் செலவும் பல இடங்களில் உங்கள் பொறுப்புதான். அதற்கான நிதியை நேரம் கிடைத்தபின் தேடத் தொடங்கினால் கைக்கு வராது.

தரவு நிலையத்தின் சேமிப்பகத்தில் இருக்கும். அளவு பெரிது என்பதால் வட்டில் போட்டு வீட்டுக்கு எடுத்துவரும் எண்ணம் வேண்டாம், தொலைவிலிருந்தே அவர்கள் கணினிகளில் அலசலாம். ஐரோப்பிய எக்ஸ்ஃபெல்லில் மூல அளவீடுகள் மூன்று ஆண்டுகளுக்குக் குழுவுக்கு மட்டும் உரியவை, அதன்பின் எல்லோருக்கும் திறக்கப்படும் என்பது பொதுவிதி. பரிசோதனை அறிக்கையைக் கெடுவுக்குள் கொடுத்துவிடுங்கள். அடுத்த விண்ணப்பம் எழுதும்போது முந்தைய பீம்டைமில் என்ன கிடைத்தது, கட்டுரை எந்த நிலையில் இருக்கிறது என்ற கேள்விக்கு ஒரு பத்தி ஒதுக்க வேண்டியிருக்கும். அந்தப் பத்தியையும் அதே நிபுணர்கள்தான் படிப்பார்கள்.